பக்கக் கண்ணாடியில் மணிக்கூண்டு

வந்தவர்கள் எல்லோரும் மணிக்கூண்டைப் பார்க்கப் போய்விட, சுற்றுலாப் பேருந்து காலியாக நிற்கிறது. வண்டியை விட்டுப் போகக் கூடாது என்பதால் ஓட்டுநர் மட்டும் தன் இருக்கையில். முதல்முறையாக அவரோடு வந்திருக்கும் மனைவி, நுழைவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போகாமல் வழிகாட்டியின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். "நீ போயிட்டு வாயேன்." "போறேன், போறேன். நாடு பூரா சுத்துறீங்களே, எந்த இடம் ரொம்ப நல்லாயிருக்கும்?" அவர் தீவிரமாக யோசிக்கிறார். "அருவிதான். பார்க்கிங்ல நல்ல நிழல். அரண்மனைல வெயில் மண்டையப் பொளக்கும்." சிரிக்கப்போனவள், சிரிக்காமல் அவரையே பார்க்கிறாள். "அப்ப எதையுமே பாத்ததில்லையா?" "பாக்காம என்ன?" பக்கக் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்புகிறார். முதலில் வானம், பிறகு புறாக்கள், பிறகு வெயிலில் மின்னும் கடிகாரத்தோடு மணிக்கூண்டே கண்ணாடிக்குள் முழுசாக வந்து நிற்கிறது. அதைப் பார்க்க அவள் எழுந்து வந்து அவர் தோளில் மோவாயை வைக்க வேண்டியிருக்கிறது. அவர் சட்டையில் டீசல் வாசனை. கண்ணாடிக்குள் பெரிய முள் ஒரு துள்ளுத் துள்ளுகிறது. "ஏங்க, கடிகாரம் பின்னால ஓடுதே!" "ஓடட்டும்" என்கிறார் அவர், தோளை அசைக்காமல்.