கரண்டைத் தின்றவர்

போன வருஷம் மின்சிக்கனத்துக்கு ஐந்து நட்சத்திரச் சான்றிதழ் வாங்கிய அரசு அலுவலகத்துக்கு இந்த வருஷம் இரண்டே நட்சத்திரம் என்றதும் அதிகாரி தமிழ்மணி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் அவர் பதவி உயர்வு கேட்டிருந்தார்.

"எவனோ கரண்டைத் திங்கிறான்!" என்று பக்கத்து ஊர் நல்லம்பள்ளி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். "நஸீமா, செல்லுக்கு சார்ஜ் போட்டீங்களா?"

"வூட்டுலயே போட்டுட்டு வந்துடறேங்க சார்."

"ராஜா, ஃபேனு?"

"நீங்க றெக்கையைக் கழட்டச் சொன்னதுல இருந்து அட்டைதாங்க சார்" என்று விசிறிக் காட்டினார் ராஜா.

தணிக்கைக்கு வந்திருந்த கோகிலவாணி மீட்டர் பெட்டியை மூடினாள். "ஆளைக் கண்டுபிடிச்சுட்டேங்க சார். ராப்பகலா தின்னுக்கிட்டே இருக்காரு."

"காட்டுங்கம்மா! இன்னிக்கே சஸ்பெண்டு!"

அவள் வாசலுக்கு அழைத்துப் போனாள். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள்.

அணைக்கவே கூடாதென்று அவரே உத்தரவு போட்டிருந்த ஃபோகஸ் லைட்டுகள் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில், 'மின்சிக்கனச் சிங்கமே!' என்ற எழுத்துக்குக் கீழே, சான்றிதழும் கையுமாக மூணாள் உயரக் கட்-அவுட்டில் சிரித்துக்கொண்டிருந்தார் தமிழ்மணி.

"ஆர்டரை இப்பவே டைப் அடிச்சுடட்டுங்களா சார்?" என்றாள் நஸீமா.