அடைத்த சுருட்டு

“இழுக்கவே வரலியே!” என்றாள் சிலி நாட்டிலிருந்து வந்திருந்த பல் டாக்டர் அம்மாள். கன்னம் இரண்டும் குழி விழுந்திருந்தன.

ரொஹேலியோ சிரித்தார். புதிதாகச் சுருட்டுப் பிடிக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஹவானாவின் அந்தச் சுருட்டுக் கடையில் ஒன்பது வருடமாக அவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர் அவர்.

“தாகத்துக்குத் தண்ணி குடிக்கற மாதிரி இழுக்கக் கூடாதும்மா. நிமிஷத்துக்கு ஒரு தடவை போதும். நெஞ்சுக்குள்ள விடாம வாயிலயே வெச்சு ருசி பாருங்க. அவசரம்னா ஒரு சிகரெட்டைப் பிடிச்சிட்டுக் கிளம்பிடணும்.”

“முப்பது வருஷமா ஊரார் வாயைப் பார்க்கறவ நான். என் வாய் நல்லாத்தான் இருக்கு. உங்க சுருட்டுதான் சரியில்ல.”

சுருட்டைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. வெடுக்கென்று வாங்கிப் பார்த்தார்.

வாயில் வைக்கிற தலைப்பகுதியில், வெட்டியது போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு பக்கம் லேசாகத் தட்டையாக இருந்தது. இலையை ஒட்டிவிட்டுக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தியதால் வந்த தட்டை.

அப்படி அழுத்துகிறவள் ஒருத்திதான் இருந்தாள்.

“யுஸ்லேனி, இதை எங்கேருந்து எடுத்தே?”

“உங்க பெட்டியில கீழ்த்தட்டுல தனியாக் கிடந்துச்சு,” என்றாள் உடன் வேலை செய்யும் பெண். “காகித வளையம் இல்லாததால பழகறவங்களுக்குன்னு நினைச்சிட்டேன். ஏன், எடுக்கக் கூடாதா?”

அவர் அந்தத் தட்டையைக் கட்டைவிரலால் தடவினார்.

அவர் மனைவி ஒனெலியா இருபத்திரண்டு வருடம் சுருட்டுச் சுற்றியவள். அப்போது அதே தொழிற்சாலையின் மாடியில் ருசி பார்க்கிற ஐந்து பேரில் அவரும் ஒருவர். யார் சுற்றியது என்று மேலே தெரியாது, யார் ருசி பார்த்தது என்று கீழே தெரியாது. எண் மட்டும்தான் போய் வரும். யாருடைய கை என்று தெரிந்துவிட்டால், அதைச் சொல்லிவிட்டு ருசி பார்க்கிற நாற்காலியை விட்டே போய்விட வேண்டும்.

கடைசி வருடம் ஒனெலியாவின் எண்ணுக்கு எதிரே ‘அடைப்பு’ என்று, அதாவது இறுக்கிச் சுற்றியதால் புகை வரவில்லை என்று, பதின்மூன்று தடவை எழுதி வந்தது. பிறகு அவளைச் சுற்றும் மேசையிலிருந்து எழுப்பி, இலை நரம்பு உரிக்கிற பக்கம் உட்கார வைத்தார்கள்.

தள்ளுபடியானவற்றில் ஒன்றை அன்று மடியில் மறைத்துக்கொண்டு வந்தாள். அவருக்குச் சோறும் கறுப்பு பீன்ஸும் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

“மாடியில இருக்கற அந்த மரக்கட்டை நாக்கு எவன்னு தெரியட்டும். இதை அவன் வாயிலயே சொருகறேன்.”

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சில வாரங்களில் அவள் கையிலிருந்து கரண்டி நழுவியது. தலைக்குள் கட்டி. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். மழைக்காலத்துக்கு முன்பே அடக்கம் செய்தாகிவிட்டது.

இந்த ஒன்பது வருடத்தில் அந்தச் சுருட்டை வீசவும் மனம் வரவில்லை, பற்றவைக்கவும் துணிச்சல் வரவில்லை. இப்போது அது பற்றிக்கொண்டு அவர் கையில் இருந்தது.

அதைச் சாம்பல் தட்டில், தலைப்பக்கம் சுவரைப் பார்க்க வைத்தார். அம்மாளிடம் வேறொன்றைக் கொடுத்தார்.

“அதை நசுக்கிட மாட்டீங்களா?”

“சுருட்டை யாராவது நசுக்குவாங்களா? இழுக்க ஆள் இல்லேன்னா அஞ்சு நிமிஷத்துல தானா அடங்கிடும். அதுக்கும் ஒரு மரியாதை இருக்கு.”

புதிய சுருட்டு நன்றாக இழுத்தது. கொட்டைப்பாக்கு அளவுக்குச் சாம்பல் நின்றதும் அம்மாள் குழந்தை மாதிரி மகிழ்ந்துபோனாள்.

கால் மணி கழித்து அவள்தான் கவனித்தாள்.

“அஞ்சு நிமிஷம்னீங்க. இன்னும் எரியுதே?”

தட்டில் கங்கு பளிச்சென்று சிவந்தது. மங்கியது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி சிவந்தது.

நாற்பது வருடத் தொழிலில் ஆள் இழுக்காமல் சிவக்கிற கங்கை அவர் பார்த்ததில்லை.

யுஸ்லேனி அம்மாளைப் பெட்டிகள் வாங்க உள்ளே அழைத்துப் போனாள். மேசையில் அவர் மட்டும் இருந்தார். சுவரைப் பார்த்திருந்த தலைப்பக்கம் இப்போது அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

எடுத்து வாயில் வைத்து இழுத்தார். ஒரு துளி புகைகூட வரவில்லை. திரும்ப வைத்ததும் கங்கு சிவந்தது.

பயமாக இருந்தது. அதைவிட, ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்ற சந்தோஷம் பெரிதாக இருந்தது. அணையாமல் இருந்தால் போதும்.

“நான்தான், ஒனெலியா. அந்த மரக்கட்டை நாக்கு நான்தான்.”

ஒரு நிமிடம் ஆனது. கங்கு முன்போலவே நிதானமாகச் சிவந்தது. இது அவளுக்கு அன்றைக்கே தெரியும் போலிருக்கிறது. தெரிந்துதான் பரிமாறியிருக்கிறாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொல்லிவிட்டார்.

“முதல் இழுப்புலயே உன் கைன்னு தெரிஞ்சுது. உன் விரல் இறுகிக்கிட்டே வருது, உடம்புல ஏதோ கோளாறுன்னும் தெரிஞ்சுது. சொன்னா நாற்காலி போயிடுமேன்னு வாயைத் திறக்கல.”

கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

கங்கு கறுத்தது.

தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தார். பிறகு இன்னொன்று. அம்மாள் பெட்டியோடு திரும்பி வந்தபோது தட்டு நிறையக் கரிந்த குச்சிகள் கிடந்தன. அது பிறகு பற்றவே இல்லை.