காரணம்

செண்பகவல்லிக்குப் பதினோரு வருடங்களாக வலது தோளில் வலி. எடுத்த ஸ்கேன் எதிலும் ஒன்றுமில்லை. "எல்லாம் இவளுக்கு மனப்பிரமைங்க" என்று ஒவ்வொரு மருத்துவரிடமும் கணவர்தான் பேசுவார். புதிய டாக்டர் நஸீமா அவரை வெளியே உட்காரச் சொன்னார்.

"தோளைத் தொட்டுப் பாக்கலாமாம்மா?"

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. "வேண்டாம்" என்றாள். நஸீமா கையை நீட்டவில்லை.

"சரிம்மா. வலி ஆரம்பிச்சப்ப என்ன நடந்துச்சு?"

"ரெண்டாவதும் பொண்ணுன்னு கையை முறுக்கி என்னைச் சுவத்துல மோதினாரு. நான் பச்ச உடம்புக்காரி." சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது.

கணவர் கதவைத் திறந்தார். "இன்னும் என்னடி பேச்சு? கெளம்பு."

அவள் எழுந்திருக்கவில்லை. "வலிக்குக் காரணம்னு எழுதிக்கோங்க டாக்டர்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரை, கணவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"துரைப்பாண்டி."