துளை

ஒயர் கையில் இருந்தது. விளக்கு மேசைமேல் இருந்தது. இரண்டையும் சேர்க்க வழி இல்லை.

அவன் விளக்கைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் துளை இல்லை.

நிமிர்த்திப் பார்த்தான். தலையிலும் இல்லை.

ஒன்பது தேக்குக் கட்டைகள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, இழைத்து, உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, மூன்று மாத வேலை. ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் ஒயர் போகத் துளை போட்டிருக்க வேண்டும். எந்தத் தச்சரும் முதலில் செய்வது அதைத்தான்.

அவன் முதலில் செய்தது, தோல் ஏப்ரன் வாங்கியது.

மாலை ஐந்து மணிக்குக் குடியிருப்புச் சங்கத்தின் கைவினைக் கண்காட்சி. அவனுடைய விளக்கு எரிந்துதான் விழா தொடங்க வேண்டும். அழைப்பிதழில் அவன் பெயருக்குக் கீழே ‘மரக்கலைஞர்’ என்று போட்டிருந்தார்கள். போடச் சொன்னது அவன்தான்.

விளக்கு எரியாவிட்டால் நூற்று நாற்பது வீடும் சிரிக்கும். அது போகட்டும். மனைவி சுகந்தி யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அதுதான் ஆகாது.

கம்ப்யூட்டர் போதும், இனிமேல் கையால் ஏதாவது செய்யப்போகிறேன், ராஜினாமா செய்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். உண்மையில் ஆபீசில் அவனை அனுப்பிவிட்டார்கள். பதினோரு நிமிடக் கூட்டம். போகும்போது ஒரு பேனா கொடுத்தார்கள்.

அவன் சொன்ன கதைக்குச் சாட்சி இந்த விளக்கு ஒன்றுதான்.

குடியிருப்பு எலக்ட்ரீஷியன் ஆரோக்கியம் வந்தார். விளக்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“மரம் உங்ககிட்ட பேசும்னு குரூப்ல போட்டிருந்தீங்களே சார். ஒயர் எந்தப் பக்கமா வரட்டும்னு அது ஒரு வார்த்தை கேக்கலையா?”

சுகந்தி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அவர் பையிலிருந்து சார்ஜ் பல்பு ஒன்றை எடுத்தார். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் பேட்டரியில் எரிகிற வகை. ஹோல்டரின் இரண்டு முனைகளையும் சின்ன ஒயர்த் துண்டால் இணைத்தார்; அந்த வகை பல்புக்கு அது போதும். சுகந்தி விளக்கைப் பிடித்துக்கொள்ள, தலையில் ஹோல்டரைத் திருகினார். பல்பை மாட்டியதும் எரிந்தது.

“மூணு மணி நேரம் தாங்கும். ஸ்விட்ச் கிடையாது. அணைக்கணும்னா பல்பைக் கழட்டுங்க.”

விழாவில் கைதட்டினார்கள். சங்கச் செயலாளர் பூவராகன் மட்டும் குனிந்து, மேசைக்கு அடியில் தேடினார்.

“ஒயர் எங்க சார்?”

அவன் மோவாயை அரை அங்குலம் உயர்த்தினான். இடது கையைப் பேன்ட் பையில் விட்டான்.

“ஒயருங்கறது மரத்துக்குப் போடற விலங்கு சார். ரொம்ப நாள் யோசிச்சு எடுத்த முடிவு. ஒரு கட்டத்துல மனுஷன் துணியணும்.”

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பூவராகன் கிளப் ஹவுசுக்கு இதேபோல ஆறு வேண்டும் என்றார். ஒயர் இருக்கவே கூடாதாம்.

சுகந்தி தட்டவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு முன் ஹாலில் ஒயரும் கையுமாக நின்ற முகத்தை அவள் பார்த்திருந்தாள். இப்போது மேடையில் இந்த முகம். இந்தக் குரலை, இந்த மோவாயை, பையில் போன இந்தக் கையை அவள் முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். ராஜினாமா செய்தேன் என்று அவன் வந்து நின்ற அன்று.

லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும். விளக்கு அவள் கையில் எரிந்துகொண்டிருந்தது.

“ஆறு செய்யணும்,” என்றான். “மரம் பாக்கப் போகணும்.”

அவள் கதவைப் பார்த்தபடி கேட்டாள்.

“ஆபீஸ்ல என்னைக்குப் போகச் சொன்னாங்க?”

கதவுக்கு மேல் மாடி எண் மாறியது. நான்கு.

ஐந்து.

“பிப்ரவரி. பன்னெண்டு.”

அவள் மனதுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள்.

“அன்னைக்குத்தானே கேசரி பண்ணச் சொன்னீங்க,” என்றாள். “ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களே.”