மேலே சொல்லு

“நடுங்காதே, தம்பி. நடுக்கமே காட்டிக் கொடுத்துடும்,” என்றாள் பிலான்.

மொகதிஷுவிலிருந்து கிளம்பிய லாரியில், சோள மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தவன் தலையாட்டினான். எதிர்க் குலத்தான் என்று அவனே அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தான். அடுத்தது அவள் குலத்துப் பையன்களின் செக்போஸ்ட். அங்கே முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று வரிசையாகப் பேர் சொல்லச் சொல்வார்கள். ஒரு பேர் பிசகினால் குண்டுதான். மறைத்தவளுக்கும் சேர்த்து.

“என் மேல எதுக்குக்கா இவ்வளவு அக்கறை?”

“போன வருஷம் என் தம்பியை இப்படித்தான் லாரியிலேர்ந்து இறக்கினான் உங்க ஆளு, அந்த புல்ஹான். பஞ்சர் ஒட்டிக்கிட்டிருந்த பய. கையில துப்பாக்கி வந்ததும் இந்த ரோட்டுக்கே ராஜாவாயிட்டான். நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேரெல்லாம் கடைசிவரைக்கும் சொல்ல வச்சுட்டுத்தான் சுட்டானாம். அன்னிக்கு லாரியில ஒருத்தராவது, இவன் என் தம்பின்னு சொல்லியிருக்கலாம்ல?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவன் பேரையே வச்சுக்கோ. லீபான். அப்பா ஜாமா, தாத்தா ரோப்லே, அவருக்கு அப்பா எல்மி, அவருக்கு அப்பா ஸமதர்.”

அவன் முகம் செத்துப்போனது. பாவம், பயந்துவிட்டான் என்று நினைத்தாள்.

அதற்குள் லாரி நின்றுவிட்டது. துப்பாக்கியும் கையுமாக ஒரு பையன் ஏறினான்.

“புல்ஹான் ஊரை விட்டு ஓடிட்டான். இந்த ரோட்டுலதான் வந்தாகணும். யாருய்யா நீ?”

“என் கூடப் பிறந்தவன்,” என்றாள் பிலான்.

“ஏன், அவருக்கு வாய் இல்லையா? அவரே சொல்லட்டும்.”

“லீபான். ஜாமா. ரோப்லே. எல்மி. ஸமதர்.”

“மேலே சொல்லு. ஸமதருக்கு அப்பா?”

அவசரத்தில் அதற்கு மேல் பிலான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

“வார்ஸமே. அவருக்கு அப்பா கெதி,” என்றான் அவன், தடுமாறாமல்.

“சரி, போங்க.” பையன் குதித்து இறங்கினான்.

லாரி நகர்ந்தது. பிலானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தேவிட்டாள்.

“அட, நம்ம ஆளுதானா நீ? என்கிட்ட ஏன் மறைச்ச? வார்ஸமே, கெதி எல்லாம் வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்?”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உங்க தம்பி சொன்னதுதான்க்கா.”