படம் முடிகிற வரைக்கும்

பஞ்சம் பிழைக்க வந்தவர்களை மாதா கோயிலுக்குள் விட்டபோது, சாவி வைத்திருந்த கோயில்பிள்ளை ஒன்றுதான் சொன்னார்: "வெள்ளைக்காரத் துரை ஒங்களப் படம் எழுதப் போறாரு. முடிக்கிற வரைக்கும் உள்ளயே கெடக்கலாம். அசையக் கூடாது."

தர்மத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று, கைக்குழந்தையோடு வந்திருந்த சந்தியாயிக்குப் பட்டது. மற்றவர்கள் கும்பிட்டார்கள்.

அவள் பிள்ளையை ஒருநாள் இடது இடுப்பில் வைத்தாள், மறுநாள் வலதில். முக்காட்டைப் போட்டாள், எடுத்தாள். துரை வரைந்ததைப் பழந்துணியால் துடைத்துத் துடைத்து மறுபடி வரைந்தான். படம் முடியவில்லை; கோயிலில் ஊற்றிய கஞ்சியும் நிற்கவில்லை.

"ஏட்டி, சும்ம இரேன். துரை கோவப்படுதாரு," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"படட்டும். படம் முடிஞ்சா கதவ அடச்சிருவாவ."

ஒன்பதாம் நாள் துரை அவள் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தாள். பிறகு எழுந்தே நின்றாள். அவன் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

மெல்லப் போய்ப் படத்தைப் பார்த்தாள். கோயில் கதவு அகலத் திறந்திருந்தது. முகத்தில் வெளிச்சம் விழ எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் பிள்ளையும் இருந்த இடத்தில் ஒரு தூண் நின்றது.

வாசலில் கோயில்பிள்ளை இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.