எரியாத மெழுகு

"மெழுகத் தூக்கிக் கூரைக்குக் கீழ வக்கிறேன்றியே, கோயில் பத்திக்கினா யார் பதில் சொல்றது? மனகெந்துக்குப்பா, நமக்கெதுக்குப்பா இந்த வம்பு?"

சபைச் செயலாளர் சுந்தர்சிங் மேசையைத் தட்டினார். சித்தூரில் அந்தச் சின்னத் தகரக் கூரைக் கோயிலின் கமிட்டிக் கூட்டத்தில் அவர் மேசையைத் தட்டாத நாள் கிடையாது, தடுத்துப் பார்க்காத காரியமும் கிடையாது.

காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கும் அசரியா பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கட்டி மெழுகை எடுத்து மேசைமேல் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தான். மெழுகு கொஞ்சம் புகைந்தது, தீ செத்துப்போயிற்று. இன்னொரு குச்சி. அதுவும் செத்தது. ஆறு குச்சி தீர்ந்ததுதான் மிச்சம்.

"தீப்பிடிக்காம இருக்கப் பொடி கலந்து வச்சிகீறேன் மாமா. பைபிள்ல மோசே பாத்த முட்செடி எரிஞ்சும் வேகலயே, அந்த மாதிரின்னு வச்சிக்குங்க. பகல்ல தகரத்தோட சூட்ட இது உறிஞ்சிக்கினு உருகும். முழுசும் உருகித் தீர்றவரைக்கும் கீழ உக்காந்தவங்களுக்கு சூடு தெரியாது. ராத்திரி காத்து பட்டா திரும்பக் கட்டியாயிடும். சனிக்கிழமை ராத்திரி ஜன்னல் மட்டும் தெறந்து இருக்கணும், அவ்ளோதான்."

"செய்யட்டும் சுந்தர்சிங். விஞ்ஞானமும் கர்த்தர் குட்த்ததுதானே?" என்றார் போதகர் எர்னஸ்ட்.

போதகர் தங்கமான மனிதர். வெயில் காலத்தில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே சபை இட்லிப் பானையில் வேகிற மாதிரி வேகும். பிரசங்கம் தொடங்கி இருபத்தைந்தாவது நிமிஷம் அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பார். "வெயில் கொடுமையாயிருக்கிறது. மீதியைக் கர்த்தருக்குச் சித்தமானால் பிறகு தியானிப்போம்" என்று முடித்துவிடுவார். ஜனங்கள்மேல் அவ்வளவு இரக்கம்.

மெழுகு நிரப்பிய இருநூறு பிஸ்கட் டின்கள் கூரைக்குக் கீழே ஏறின. மே மாதக் கடைசி ஞாயிறன்று திருப்பதி யுனிவர்சிட்டியிலிருந்து புரொபசர் நாகபூஷணம் தெர்மாமீட்டரோடு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. கோயில் குளிர்ந்திருந்தால் அசரியாவுக்கு டாக்டர் பட்டம். இல்லையென்றால் நாலு வருஷ உழைப்பு, கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டுப் பட்ட பாடு, எல்லாம் பழைய பேப்பர்க்காரனுக்கு.

முதல் ஞாயிறு கோயில் ஜில்லென்று இருந்தது. விசிறி கொண்டு வந்தவர்கள் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கலாமா என்று பார்த்தார்கள். போதகர் வழக்கம்போல் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"இன்னா ஐயா, அதுக்குள்ள ஆமெனா? இன்னிக்கு நல்லாத்தானே கீது, மீதியும் சொல்லுங்க!" என்றாள் முன்வரிசைக் கிருபாபாய்.

போதகர் சிரித்தார். ரெண்டு பாட்டைக் கூடுதலாகப் பாடவைத்து ஆசீர்வாதம் கூறி அனுப்பிவைத்தார்.

அடுத்த ஞாயிறு பழையபடி இட்லிப் பானை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அசரியா ஏணி போட்டு ஏறி ஒரு டின்னை ஆட்டினான். களக் களக் என்றது. மெழுகு ராத்திரி கட்டியாகவே இல்லை. ஆனால் காலையில் வந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்துதானே இருந்தன?

கீழே இறங்கி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தான். ஒரு ஜன்னல் சந்தில் பல்லி ஒன்று அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. யாரோ சாயங்காலம் சாத்திவிட்டு, விடிவதற்குள் திறந்துவைக்கிறார்கள். கோயில் சாவி சுந்தர்சிங்கிடம் ஒன்று, போதகரிடம் ஒன்று. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? அசரியா நேராகப் போதகர் வீட்டுக்குப் போய், மெழுகு கட்டியாகவில்லை என்று மட்டும் சொன்னான்.

"மனசத் தளர விடாத தம்பி. நான் ஜெபம் பண்றேன்" என்று போதகர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அசரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

புரொபசர் வரும் ஞாயிறுக்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே குதித்து, அசரியா ஆர்மோனியத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டான். கொசு பிடுங்கித் தின்றது. கடைசியில் கதவு கிறீச்சிட்டது. ஒரு வெள்ளை வேட்டி மட்டும் இருட்டில் தெரிந்தது. அது டப், டப் என்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்தது. ஐந்தாவது ஜன்னலில் அசரியா பாய்ந்து கையைப் பிடித்தான்.

"மாட்டிக்கினீங்களா மாமா!"

டார்ச்சை அடித்தான். கண் கூச நின்றவர் போதகர் எர்னஸ்ட்.

"ஐயா... நீங்களா? எரியாதுன்னு ஆறு குச்சி கிழிச்சிக் காட்னேனே, அப்பகூட மெழுகு மேல நம்பிக்க வர்லியா?"

"மெழுக நம்பறேன்பா. என்னத்தான் நம்பல" என்று போதகர் பெஞ்சில் உட்கார்ந்தார். "இருபத்திரண்டு வருஷமா எங்கிட்ட கீற சரக்கே இருபத்தஞ்சு நிமிஷத்துக்குத்தான். மீதிய வெயில் பாத்துக்கினு இருந்திச்சி, நீ வந்து அதையும் உறிஞ்சிட்ட."

பிறகு அவரே எழுந்து, சாத்திய ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"நாளைக்கு உன் புரொபசர் வரட்டும். அந்த முட்செடி கத சொன்னியே, அத பிரசங்கமா ஒரு அரை மணி நேரத்துக்கு எழுதிக் குட்துட்டு வூட்டுக்குப் போ."